காரைக்குடியிலிருந்து காசிக்குக் காரில்: அஞ்சு நாள் லீவுக்குள் போய்வர அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பத்தாவுக்குக் காசி ஆசை, பேரனிடம் புதுக் கார், ஆபீஸில் திங்கள் முதல் வெள்ளி வரை அஞ்சே நாள் லீவு. இந்த மூன்றும் ஒரே வீட்டில் சேர்ந்தால் என்னென்ன கேள்வி வருமோ அவற்றைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். கணக்கெல்லாம் காரைக்குடியிலிருந்து. தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் என்று எங்கிருந்து கிளம்பினாலும் இருபது முப்பது கிலோமீட்டர்தான் முன்னே பின்னே ஆகும்.

அஞ்சு நாள் லீவில் உண்மையிலேயே போய்வர முடியுமா?

முடியும், ஆனால் லீவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலமே கிளம்ப வேண்டும். அந்த சாயங்காலம், இரண்டு பக்கத்து சனி ஞாயிறு, நடுவில் அஞ்சு நாள் என்று மொத்தம் ஒன்பது நாளும் ஒரு ராத்திரியும் கிடைக்கிறது. போக 2,250 கிலோமீட்டர், வர அதே அளவு, ஊருக்குள் சுற்றுவதையும் சேர்த்தால் 4,600 வரும். அதில் காசியில் கிடைப்பது ஒரு மத்தியானம், ஒரு ராத்திரி, மறுநாள் விடியற்காலை, அவ்வளவுதான். "இவ்வளவு தூரம் போய் இதற்குத்தானா?" என்று தோன்றினால் ரயிலில் போங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. எட்டு நாளில் முடிக்கலாம் என்று யாராவது சொன்னால், அவர் பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டு போனவராக இருக்கும்.

எந்த வழி?

புதுக்கோட்டை, திருச்சி, நாமக்கல், சேலம், பெங்களூரு, அனந்தபூர், கர்நூல், ஹைதராபாத், ஆதிலாபாத், நாக்பூர், சிவனி, ஜபல்பூர், ரேவா. ரேவாவுக்கு மேலே இரண்டு கை பிரிகிறது: இடது கை பிரயாக்ராஜ், வலது கை மிர்சாபூர் வழியாக நேரே காசி.

பழைய ஆட்களுக்கு இது ஏழாம் நம்பர் ஹைவே. காசியில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 2,369 கிலோமீட்டர் சாலை, அந்தக் காலத்தில் நாட்டிலேயே நீளமானது. 2010-ல் நம்பரையெல்லாம் மாற்றினார்கள். இப்போது நாமக்கல்லிலிருந்து மத்தியப் பிரதேசத்து லக்னாதோன் வரை நீங்கள் போவது 44, அதற்குப் பிறகு 34, 30, 135 என்று துண்டு துண்டாக வரும். போனில் வழி போடும்போது "காசி" என்று ஒரே அடியாகப் போடாதீர்கள், சில நேரம் நெரிசலைப் பார்த்து உங்களை எங்கேயோ ஒரு மாவட்டச் சாலையில் இறக்கிவிடும். அன்றன்று ராத்திரி தங்கும் ஊரை மட்டும் போடுங்கள்.

எந்த நாள் எங்கே தங்குவது?

வெள்ளி சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கிளம்பினால் ஒன்பதரை பத்துக்குள் சேலம், 230 கிலோமீட்டர். திருமயத்தில் ரோட்டோரத்துக் கோட்டை பைரவருக்கு ஒரு சிதறுகாய் போட பத்து நிமிஷம் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், அந்த வழியில் தூரப் பயணம் போகிற டிரைவர்கள் அவரைத் தாண்டி லேசில் போகமாட்டார்கள். பிள்ளையார்பட்டிக்கும் போகவேண்டும் என்றால் முந்தின நாளே போய்வந்துவிடுங்கள், அது எதிர்த்திசை.

சனி காலை நாலு மணிக்குச் சேலம் விட்டால் மத்தியானம் மூணுக்குள் கர்நூல் (560). ஞாயிறு ஆதிலாபாத் (515). திங்கள் ஜபல்பூர் (470). செவ்வாய் மத்தியானத்துக்கெல்லாம் பிரயாக்ராஜ் (370), சாயங்காலம் சங்கமம், ராத்திரி அங்கேயே. புதன் காலை 120 கிலோமீட்டரில் காசி.

வியாழன் காலை தரிசனம் முடித்து ஒன்பது மணிக்குக் கிளம்பி மிர்சாபூர் வழியாக ஜபல்பூர். வெள்ளி ஆதிலாபாத். சனிக்கிழமைதான் கஷ்டமான நாள், அனந்தபூர் வரை 660 கிலோமீட்டர் போகவேண்டும். ஞாயிறு விடியற்காலை அங்கிருந்து கிளம்பினால் பெங்களூரை ஊர் எழுந்திருப்பதற்குள் கடந்து, சாயங்காலம் வீடு.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். போகும்போது தூரம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருகிறது: 560, 515, 470, 370. வேண்டுமென்றே போட்டதுதான். முதல் நாள் உற்சாகத்தில் யாரும் ஓட்டிவிடலாம், நாலாம் நாள் இடுப்பு பேச ஆரம்பிக்கும்.

சராசரி வேகம் எவ்வளவு வைக்கலாம்?

மணிக்கு அறுபது. வண்டி நூறில் போனாலும் அறுபதுதான். டோல்கேட், டீ, பாத்ரூம், லாரிகள் இரண்டும் பக்கம் பக்கமாக ஏறிக்கொண்டிருக்கும் மேடு எல்லாம் சேர்ந்து அங்கே கொண்டுவந்துவிடும். கார்களுக்கு நாலுவழி ஹைவேயில் மத்திய அரசு வைத்த உச்சம் மணிக்கு 100, மாநிலங்கள் குறைத்தும் வைத்திருக்கின்றன. கேமரா நிறைய இருக்கிறது, அபராதச் சீட்டு நீங்கள் ஊர் வந்து சேர்வதற்குள் போனுக்கு வந்திருக்கும்.

ராத்திரியும் ஓட்டினால் ஒரு நாள் மிச்சமாகுமே?

இந்தக் கேள்வி வராத வீடே கிடையாது. ஆகும், கணக்கில் மட்டும். ராத்திரி இரண்டிலிருந்து அஞ்சு வரை உடம்பு தானாகவே தூக்கத்துக்கு இழுக்கும் நேரம், காபி குடித்தாலும் கண் திறந்திருக்கும், மூளை தூங்கும். அந்த நேரத்தில் ஹைவேயின் இடது ஓரத்தில் பின்விளக்கு இல்லாமல் லாரிகள் நின்றுகொண்டிருக்கும். பின்னால் ஒரு காய்ந்த மரக்கிளையைச் செருகி வைத்திருப்பார்கள், அல்லது நாலு கல்லை வரிசையாக வைத்திருப்பார்கள், அதுதான் எச்சரிக்கை. நூறில் போகிறவன் அந்தக் கிளையைப் பார்க்கும்போது பிரேக் அடிக்க இடம் இருக்காது. மத்தியப் பிரதேசத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் இன்னொரு தொல்லை, மாடுகள். இருட்டியதும் தார் ரோட்டின் சூட்டுக்கு வந்து நடு ரோட்டில் கூட்டமாகப் படுத்துக்கொள்ளும்.

நான் சொல்லும் முறை: காலை நாலுக்குக் கிளம்பு, சாயங்காலம் ஆறுக்கு நிறுத்து. நாலு மணிக்குக் கிளம்பினாலே இரண்டு மணி நேர இருட்டு இருக்கிறது, அது போதும். அதற்கும் முந்தின ராத்திரி ஒன்பதுக்குள் தூங்கியிருக்க வேண்டும். லாட்ஜில் டிவி போட்டால் ரிமோட்டைப் பிடுங்கிவிடுங்கள். வெள்ளி ராத்திரி மட்டும் விதிவிலக்கு, அதனால்தான் அன்றைக்கு 230 கிலோமீட்டரோடு நிறுத்தச் சொல்கிறேன்.

நான் ஒருத்தன்தான் ஓட்டத் தெரிந்தவன். போதுமா?

போதாது. சம்பளத்துக்கு ஒரு டிரைவர் அண்ணனைக் கூட்டிக்கொள்ளுங்கள், அவருக்குத் தனி ரூம் போடுங்கள். வண்டிக்குள் படுக்க வைத்துவிட்டு மறுநாள் நம் குடும்பம் முழுவதையும் அவர் கையில் கொடுப்பது என்ன புத்திசாலித்தனம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

இரண்டு பேர் ஓட்டினால் எப்படிப் பங்கு போடுவது?

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், கிலோமீட்டர் கணக்கு வேண்டாம். "இன்னும் அம்பது கிலோமீட்டர்தானே, நானே போட்டுவிடுகிறேன்" என்கிறவர்தான் மத்தியானம் இரண்டு மணிக்குக் கண் சொருகுவார். மாறும்போது எல்லோரும் கீழே இறங்க வேண்டும், பெரியவர்கள் கால் நீட்டி நாலு எட்டு நடக்க அதுதான் நேரம். ஓட்டாதவர் பக்கத்தில் உட்காராமல் பின்னால் போய்த் தூங்கட்டும், முன்சீட்டுக்குப் பேச்சுத் துணையாக வேறொருவர் வரட்டும்.

பெங்களூரை எப்படித் தாண்டுவது?

முழுத் திட்டமும் இதில்தான் நிற்கிறது. சேலத்தில் தூங்கச் சொன்னதே இதற்காகத்தான். நாலு மணிக்குச் சேலம் விட்டால் ஏழு மணிக்கு எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் ஏறிவிடலாம், சனிக்கிழமை என்பதால் ஆபீஸ் கூட்டம் கொஞ்சம் குறைவு, எட்டரைக்குள் ஹெப்பால் தாண்டி விமான நிலைய ரோட்டில் இருப்பீர்கள். இதையே காரைக்குடியிலிருந்து சனி விடியற்காலை கிளம்பிச் செய்தால் பத்து பதினோரு மணிக்கு ஊருக்குள் மாட்டி, வெள்ளி ராத்திரி வீட்டில் தூங்கியதன் பலனை அங்கேயே கட்டிவிடுவீர்கள். ஊருக்குள் போகவே பயமாக இருந்தால் ஹோசகோட்டே போய், அங்கிருந்து புதிய வெளிவட்டச் சாலையில் தேவனஹள்ளி வரலாம். கிலோமீட்டர் கூடும், மனசு லேசாக இருக்கும்.

ஹைதராபாத்தில் இந்தப் பிரச்சினை இல்லை. ஊரைச் சுற்றி 158 கிலோமீட்டருக்கு வெளிவட்டச் சாலை இருக்கிறது, கர்நூல் பக்கம் ஷம்ஷாபாத் அருகே ஏறி மேட்சல் பக்கம் இறங்கினால் ஊர் இருப்பதே தெரியாது. பிரியாணி ஆசையை அன்றைக்கு அடக்கிக்கொள்ளுங்கள்.

வேலூர், சித்தூர், கடப்பா வழி சுருக்கு என்கிறார்களே?

தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. பெங்களூரு வராது, அது ஒரு லாபம். ராயசோட்டிக்கும் கடப்பாவுக்கும் நடுவே குவ்வலசெருவு மலைப்பாதை இருக்கிறது, லாரிக்குப் பின்னால் மாட்டினால் ஊர்ந்துதான் போகவேண்டும். வாந்தி எடுக்கிற பிள்ளைகள் இருந்தால் பெங்களூரே மேல்.

வழியில் ஹம்பி, திருப்பதி, பேடாகாட் எல்லாம் பார்த்துக்கொண்டே போகலாமா?

கூடாது. இந்தச் சண்டையைக் கிளம்புவதற்கு முந்தின வாரமே வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து போட்டு முடித்துவிடுங்கள், வண்டியில் வைத்துக்கொள்ளாதீர்கள். அஞ்சு நாள் லீவில் கோவில் கோவிலாக இறங்கினால் காசி விட்டுப்போகும். "அரைமணி நேரம்தான்" என்று இறங்கும் இடம் எதுவும் இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்து விட்டதில்லை, செருப்புத் தேடவே கால்மணி ஆகும்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் நான் தலையாட்டுவேன். திங்கள்கிழமை ஜபல்பூருக்கு மூணு மணிக்குள் போய்விட்டால், 25 கிலோமீட்டரில் பேடாகாட். நர்மதை இரண்டு பக்கமும் பளிங்குப் பாறைகளுக்கு நடுவே ஒடுங்கி ஓடும், துவாந்தார் அருவி புகையாகக் கிளம்பும். நாலு மணிக்கு மேல் என்றால் வேண்டாம்.

இறங்காமலே பார்ப்பதற்கு வழியில் நிறைய இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. ஆறுகளை மட்டும் எண்ணிக்கொண்டு போங்கள். திருச்சியில் காவிரி, கர்நூலில் துங்கபத்திரை, அதற்கு மேலே பீச்சுப்பள்ளியில் கிருஷ்ணா, நிர்மலுக்குக் கொஞ்சம் முன்னால் கோதாவரி, மகாராஷ்டிர எல்லையில் பென்கங்கா, ஜபல்பூரில் நர்மதை, கடைசியில் யமுனையும் கங்கையும். பெரியவர்கள் ஒவ்வொரு பாலத்திலும் கண்ணாடியை இறக்கிக் கும்பிட்டுக்கொண்டு வருவார்கள், பத்துப் பைசா செலவில்லாத தீர்த்த யாத்திரை. நாக்பூர் தாண்டிச் சிவனிக்குள் பெஞ்ச் காடு வரும். ரோட்டையே தூண் போட்டுத் தூக்கி, புலியும் மானும் அடியில் போக வழிவிட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் சத்தமும் வெளிச்சமும் காட்டுக்குள் போகாதபடி தடுப்பு வைத்திருப்பதால் புலி தெரியுமா என்று பிள்ளைகள் கேட்டால், தெரியாது.

எந்த மாசம் நல்லது?

அக்டோபர் கடைசி, நவம்பர், பிப்ரவரி. அதிலும் கார்த்திகைப் பௌர்ணமியன்று காசியில் தேவ தீபாவளி, சிவராத்திரிக்கும் அப்படித்தான் கூட்டம், இந்த இரண்டு நாளும் ரூம் கிடைக்காது. பள்ளிக்கூட லீவைப் பார்த்துத் திட்டம் போடுகிறவர்களுக்குத்தான் தொல்லை. அரையாண்டு லீவு டிசம்பர் கடைசியில் வருகிறது, அப்போது ரேவாவுக்கு மேலே பனிமூட்டம். காலை பத்து மணி வரை முன்னால் போகும் வண்டியே தெரியாத நாட்கள் உண்டு, நாலு மணிக்குக் கிளம்புவதெல்லாம் அங்கே நடக்காது. தை மாசம் பிரயாக்ராஜில் மாக மேளா, கார் ஊருக்குள் போகாது. மே மாசத்தில் நாக்பூர் வெயில் 45 டிகிரியைத் தாண்டும், டயருக்கும் ஆகாது, ஆளுக்கும் ஆகாது. காலாண்டு லீவும் ஆயுதபூஜையும் சேர்ந்து வரும் வருஷம் சௌகரியம்தான், ஆனால் அந்த நாட்களில் ஜபல்பூரில் தசராவுக்கு ஊர் முழுக்கத் துர்க்கை பந்தல். பைபாஸ் ஓரம் ரூம் போடுங்கள்.

வண்டியில் என்னென்ன பார்க்க வேண்டும்?

சர்வீஸைக் கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னாலேயே விட்டுவிடுங்கள். முந்தின நாள் எடுத்துக்கொண்டு வந்தால், ஷெட்டில் சரியாக முடுக்காமல் விட்டது எதுவோ அது ஹைவேயில்தான் தெரியும். சர்வீஸ் முடிந்து மதுரைக்கோ திருச்சிக்கோ ஒருதரம் போய்வந்து பாருங்கள், கீழே எண்ணெய் சொட்டுகிறதா, ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று. அடுத்த சர்வீஸுக்கு அஞ்சாயிரம் கிலோமீட்டருக்குக் குறைவாக மிச்சம் இருந்தால் இப்போதே ஆயில் மாற்றிவிடுங்கள்.

டயரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். நம் ஊர்க் கார்கள் பாதி, வருஷத்தில் பத்து மாசம் போர்டிகோவில் நிற்கிறவை, சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஆட்கள் கல்யாணத்துக்கு வரும்போது மட்டும் எடுக்கிறவை. பட்டன் தேயாமல் புதுசு மாதிரி இருக்கும், ரப்பர் கிழடாகியிருக்கும். டயரின் பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-வது வாரம் செய்தது. விரலால் பக்கச்சுவரை அழுத்தி வளைத்துப் பாருங்கள், மயிர்க்கோடு போல வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள், ஆறு வருஷத்துக்கு மேல் என்றால் வெடிப்பே தெரியாவிட்டாலும் மாற்றலாம். ஸ்டெப்னியையும் பார்க்க வேண்டும், அதை வாங்கிய நாளிலிருந்து யாரும் தொட்டிருக்கமாட்டார்கள். காற்றை விடியற்காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது, ஆள் நிறைய என்றால் கதவோரத்து ஸ்டிக்கரில் முழு பாரத்துக்கு என்று போட்டிருக்கும் அளவுக்குப் பிடியுங்கள். வெயிலுக்குக் குறைத்துப் பிடிக்க வேண்டும் என்பது தப்பு, குறைந்த காற்றில்தான் டயர் அதிகமாகச் சூடாகும்.

டோல்கேட் செலவு? வருஷ பாஸ் வாங்கலாமா?

வாங்குங்கள். 2025 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியபோது 3,000 ரூபாய், ஒரு வருஷம் அல்லது 200 தடவை, எது முதலில் வருகிறதோ அதுவரை. இந்த ஒரு பயணத்தில் போகவர ஆகும் சுங்கமே அதைவிடக் கூட வரும், மிச்சத் தடவைகளை மதுரைக்கும் சென்னைக்கும் போய்க் கழித்துக்கொள்ளலாம். சொந்த உபயோகக் கார், ஜீப், வேனுக்கு மட்டும்தான், மஞ்சள் போர்டுக்குக் கிடையாது. தேசிய நெடுஞ்சாலை டோலில்தான் செல்லும். ஹைதராபாத் வெளிவட்டம் மாதிரி மாநிலச் சாலைகளில் சாதாரண பாஸ்டாக் பணம்தான் போகும், அதனால் பாஸ் இருக்கிறதே என்று பேலன்ஸைக் காலியாக விடாதீர்கள். பாஸ்டாக் வேலை செய்யாவிட்டால் ரொக்கத்துக்கு இரண்டு மடங்கு, யூபிஐயில் ஒன்றேகால் மடங்கு என்று 2025 நவம்பர் 15-ல் வைத்தார்கள்.

பெட்ரோலுக்கு எவ்வளவு வைக்கலாம்?

லிட்டருக்குப் பதினாறு கொடுக்கிற வண்டி என்றால் 4,600 கிலோமீட்டருக்கு 288 லிட்டர், சராசரி 105 ரூபாய் வைத்தால் முப்பதாயிரத்தைக் கொஞ்சம் தாண்டும். விலை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆந்திரா, தெலங்கானா, மத்தியப் பிரதேசம் மூன்றிலும் நம்மைவிட அதிகம், உத்தரப் பிரதேசத்தில் குறைவு. ஆகவே கர்நாடகத்தின் கடைசி ஊரான பாகேபள்ளியில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு ஆந்திராவுக்குள் போங்கள், திரும்பும்போது மிர்சாபூரிலேயே நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.

எலக்ட்ரிக் கார்?

இந்த அவசரத்துக்கு வேண்டாம். 250 கிலோமீட்டருக்கு ஒருமுறை, அம்பது நிமிஷம் என்று வைத்தாலே ஒரு வழிக்கு ஒன்பது நிறுத்தம், ஏழரை மணி நேரம். அதுவும் எல்லாச் சார்ஜரும் காலியாகவும் வேலை செய்துகொண்டும் இருந்தால்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது? அப்பத்தா வெளியில் சாப்பிடமாட்டார்.

முதல் இரண்டு வேளைக்குப் புளிச்சோறும், மிளகாய்ப்பொடி தடவி எண்ணெய் விட்ட இட்லியும் கட்டிக்கொள்ளுங்கள், மறுநாள் மத்தியானம் வரை தாங்கும். தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை ஒரு தூக்கு நிறைய இருக்கட்டும். டின்னை டிக்கிக்குள் வைத்துவிட்டு ஆளாளுக்கு வண்டியை நிறுத்தச் சொல்லாமல், முன்சீட்டின் காலடியில் வையுங்கள். ஆதிலாபாத் வரை சோறு தாராளமாகக் கிடைக்கும். நாக்பூருக்கு மேலே ரொட்டிதான் சூடாக வரும், சோறு கேட்டால் கொடுப்பார்கள், நம் வாய்க்குப் பிடிக்காது. சின்ன ரைஸ் குக்கர் ஒன்று, நாலு கிலோ அரிசி, பருப்புப் பொடி, ஊறுகாய் இருந்தால் லாட்ஜில் ராத்திரிச் சாப்பாடு அரைமணியில் முடிந்துவிடும், தயிர் எங்கும் நன்றாகக் கிடைக்கிறது. ரூம் போடும்போதே குக்கர் வைக்கலாமா என்று கேட்டுவிடுங்கள், சில இடங்களில் மெயின் பாக்ஸ் விழுந்துவிடும்.

எழுபது வயசுக்கு மேற்பட்டவர்களைக் கூட்டிப்போகலாமா?

அவர்களை ரயிலில் அனுப்பிவிட்டு நீங்கள் காரில் போய் அங்கே சேர்ந்துகொள்வது என்று ஒரு வழி இருக்கிறது, ராமேஸ்வரத்திலிருந்து பனாரஸுக்கு வாரம் ஒரு ரயில் ஓடுகிறது. காரில்தான் வருவேன் என்றால் நடு வரிசையில் ஜன்னலோரம் உட்கார வையுங்கள். பின்வரிசைச் சின்ன சீட்டில் ஏற்றினால் முட்டி பிடித்துக்கொள்ளும். பாத்ரூமுக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் வருவார்கள், கேட்டால் "தாகமே இல்லப்பா" என்பார்கள், நம்பாதீர்கள். மாத்திரை எல்லாம் கைப்பையில், பத்து நாளைக்கு மேல் நாலு நாள் கூடுதலாக, டாக்டர் சீட்டோடு.

ராமேஸ்வரம் மணல் எடுத்துப் போகவேண்டுமே?

முறைப்படி ராமேஸ்வரத்தில் மணல் எடுத்துத் திரிவேணி சங்கமத்தில் கரைத்து, அங்கிருந்து கங்கை நீர் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்வது. இந்த ஒன்பது நாளுக்குள் அதைத் திணிக்காதீர்கள். மணலுக்கு முந்தின ஞாயிறும் அபிஷேகத்துக்குப் பிந்தின ஒரு ஞாயிறும் போய்வந்தால் போதும், காரைக்குடியிலிருந்து 140 கிலோமீட்டர்தானே. பிரயாக்ராஜ் வழியாகப் போகச் சொன்னது இதற்காகத்தான். சங்கமத்துக்குப் படகில் போய்வர இரண்டு மணி நேரம் வையுங்கள், ஏறும் முன்பே ஆளுக்கு எவ்வளவு, போகவரச் சேர்த்தா என்று பேசிவிடுங்கள்.

காசியில் எங்கே தங்குவது? கார் எங்கே?

நகரத்தார் என்றால் நாட்டுக்கோட்டை நகர சத்திரம் இருக்கிறது, விஸ்வநாதருக்குப் பூஜைச் சாமான் தினமும் இங்கிருந்துதான் "சம்போ, சம்போ" என்று சொல்லிக்கொண்டு ஊர்வலமாகப் போகும். முன்கூட்டியே சொல்லி இடம் பிடிக்க வேண்டும், போய் நின்றுகொண்டு கேட்பது சரியாக வராது. மற்றவர்களுக்கு அனுமான் கட்டம், கேதார் கட்டம் என்ற கங்கைப் படித்துறைகள் பக்கம் தமிழ் காதில் விழும், பாரதியார் சின்ன வயசில் இருந்ததும் அனுமான் கட்டத்தில்தான், குமாரசாமி மடம் கேதார் கட்டத்தில்.

காரைக் கோவில் வரை கொண்டுபோகலாம் என்ற நினைப்பே வேண்டாம். கோவிலுக்குப் பக்கத்துச் சந்திப்பான கோதௌலியாவைச் சுற்றி வண்டியை விடமாட்டார்கள், சந்துகளில் இரண்டு ஆளும் ஒரு மாடும் சேர்ந்து போகவே இடம் இருக்காது. பெனியாபாக் பார்க்கிங்கிலோ தங்கும் இடம் சொல்லும் இடத்திலோ விட்டுவிட்டு ரிக்‌ஷாவில் போங்கள், பெட்டியெல்லாம் இறக்காமல் ஒரு ராத்திரிக்கு வேண்டியதைத் தனிப் பையில் முதலிலேயே போட்டு வைத்திருந்தால் இங்கே கை கொடுக்கும். கோவிலுக்குள் போன் கூடாது, ரூமிலேயே வைத்துவிட்டுப் போனால் லாக்கர் வரிசை மிச்சம்.

சொந்தக்காரர் காரை வாங்கிக்கொண்டு, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கொடுத்துவிடலாமா?

பணம் கை மாறினால் வெள்ளை போர்டு வண்டிக்கு இன்சூரன்ஸ் கிடைக்காமல் போகலாம். வாடகை என்றால் ஆல் இந்தியா பெர்மிட் உள்ள டூரிஸ்ட் வண்டியாக எடுங்கள், பெர்மிட் தேதியை நீங்களே பாருங்கள். சும்மா கொடுக்கிறார் என்றால் ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் டிஜிலாக்கரில் இருந்தால் போதும், பேப்பர் கட்டும் ஒன்று டேஷ்போர்டில் இருக்கட்டும், சிக்னல் இல்லாத இடத்தில் போலீஸ்காரரிடம் டவர் வரட்டும் என்று சொல்ல முடியாது.

சிங்கப்பூர் லைசென்ஸில் ஓட்டலாமா?

சர்வதேச பெர்மிட் அங்கேயே எடுத்துக்கொண்டு, அசல் லைசென்ஸும் கையில் இருந்தால் ஓட்டலாம்.

வழியில் வண்டி நின்றுவிட்டால்?

தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, வேறு எந்த அவசரத்துக்கும் 112. எல்லோரும் இடது பக்கம் இறங்கி, தடுப்புக் கம்பிக்கு வெளியே போய் நில்லுங்கள், வண்டிக்குள் உட்கார்ந்திருக்கக் கூடாது. முக்கோணப் பலகையை அம்பது மீட்டர் பின்னால் வையுங்கள். திரும்பும்போது ஒரு இடத்தில் தனி ஜாக்கிரதை: தர்மபுரி தாண்டித் தொப்பூர் இறக்கம். பிரேக் சூடேறிப்போன லாரிகள் பின்னாலிருந்து வரும் இடம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டு நினைப்பில் நீங்கள் வேகம் பிடிக்கும் இடமும் அதுதான்.

எல்லாம் பிசகிவிட்டால் எதை வெட்டுவது?

முதலில் பேடாகாட். அடுத்து பிரயாக்ராஜ்: திங்கள் ராத்திரி ஜபல்பூர் வந்து சேரவில்லை என்றால், செவ்வாய் எங்கிருந்து கிளம்பினாலும் ரேவாவிலிருந்து மிர்சாபூர் வழியாக நேரே காசி. மணலை அங்கே கங்கையில் கரைத்தால் தப்பில்லை என்று பெரியவர்களிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ரேவா சந்திப்பில் நிறுத்தி வைத்துக் கேட்கிற கேள்வி இல்லை அது. வண்டியே படுத்துவிட்டால், ஜபல்பூரில் ஷெட்டில் விட்டுவிட்டு ரயில் ஏறுங்கள், பிரயாக்ராஜ் பக்கம் போகும் ரயில்கள் அங்கே நிறைய. காசி பார்த்துவிட்டுத் திரும்பி வரும்போது வண்டி தயாராக இருக்கும், அல்லது எவ்வளவு ஆகும் என்றாவது சொல்லிவிடுவார்கள்.